கோதுமையை விட்ட பின்னும் நீங்காத குமட்டல்

(நமது அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில், மரக்காணத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவும் உடல்நலமும் என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அத்தலைப்பு கடல் போன்றது. அதிலிருந்து ஒரு கைப்பிடி அளவே எடுத்துக்கொள்கிறேன். சீலியாக் நோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்து, கோதுமையை அறவே விலக்கிய பின்னும், சிலருக்குக் குமட்டல் மாதக்கணக்கில் நீடிக்கிறது. காலையில் எழுந்ததும் வயிற்றைப் புரட்டுகிறது. உண்டபின் உமிழ்நீர் ஊறி வாந்தி வருவது போலிருக்கிறது. தாளிக்கும் வாசனையே ஆகாமற் போகிறது. முதல் மாதம் வீட்டார் பரிவோடு கேட்கிறார்கள். ஆறாம் மாதம், "கோதுமையைத்தான் விட்டாயிற்றே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் ஐயம் கலந்துவிடுகிறது. பிறகு அவர் விருந்துக்கும் திருவிழாவுக்கும் வருவதைக் குறைத்துக்கொள்கிறார். அத்தகையவர்களைப் பற்றியும், அவர்களோடு வாழும் நம்மைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

சீலியாக் நோய் என்பது என்ன? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபட்டு நீள்வது இப்புரதத்தால்தான். மரபணு அமைப்பால் இந்நோய்க்கு இடம் கொடுக்கும் சிலருடைய உடல், இப்புரதத்தைப் பகையெனக் கருதிப் போரிடுகிறது. போர் நடக்கும் களம் சிறுகுடல். உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகச் சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் அழற்சியால் தேய்ந்து தட்டையாகின்றன. அதனால் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், குமட்டல், இரத்தசோகை, எடைக்குறைவு, எலும்புத் தேய்வு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எனப் பல தொல்லைகள் தோன்றுகின்றன. இது ஒட்டுவாரொட்டி அன்று. ஒவ்வாமை என்று சுருக்கிச் சொல்லிவிடவும் இயலாது. உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய்களுள் இது ஒன்று.

இந்நோயின் வரலாறு நீண்டது. கப்படோசியா நாட்டு அரேடியஸ் என்னும் பழங்கால மருத்துவர், வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதனை வருணித்தார். அச்சொல்லே இன்றைய பெயருக்கு வேர். 1888ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக எழுதி, குணம் கிட்டுமாயின் அது உணவு வழியாகவே கிட்டும் என்று கருதினார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. ஹேக் நகரில் பணியாற்றிய அவருக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமை மீது ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி அரிதாயிற்று. மற்றக் குழந்தைகள் மெலிந்த அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டினார். ஊரெல்லாம் உயிர் காத்த ரொட்டி சிலருக்கு நஞ்சாக இருந்தது என்பதை உலகம் அறிந்து இன்னும் நூறாண்டு ஆகவில்லை.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் வடஇந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் நலமாயிருந்த 23,331 பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. தென்னகத்திற்கான ஆய்வுக்களம் வேலூர். இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கே 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. இந்நோய்க்கு இடம் தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபட்டது உணவு. நாளொன்றுக்குச் சராசரியாக வடக்கே 455 கிராம் கோதுமை உண்டார்கள். தெற்கே 25 கிராம் மட்டுமே உண்டார்கள்.

இவ்வாய்விலிருந்து நாம் இரண்டு செய்திகளைக் கற்கலாம். முதலாவது, விதை நம்மிடமும் இருக்கிறது. நீரிழிவுக்காக இரவில் சப்பாத்தி, அவசரத்திற்குக் கோதுமை ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், ரஸ்க் என்று நம் வீடுகளிலும் கோதுமை பெருகிவிட்டது. இரண்டாவது, தெற்கே இந்நோய் அரிது என்பதால் நோயுற்றவர் தனித்துவிடுகிறார். ஊரில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த ஊரிலும் மற்றொருவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. உறவினர்க்கு நோயின் பெயரே புதிது. "சோறு உண்ணும் நமக்குக் கோதுமை நோயா?" என்று வியக்கிறார்கள். வியப்பு எளிதில் அவநம்பிக்கை ஆகிவிடுகிறது.

ஆகவே ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். இந்நோயில் குமட்டல் மனப்பிரமை அன்று. குளூட்டனை விலக்கி வாழும் நோயாளர்களுக்கு அதை மீண்டும் சிறிதளவு கொடுத்து ஆராய்ந்தபோது, ஓரிரு மணி நேரத்திற்குள் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அதே வேளையில் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-2 என்னும் நோயெதிர்ப்புப் பொருள் உயர்ந்ததையும் ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். குருதியில் அளக்கக்கூடிய ஒன்றைக் கற்பனை என்று சொல்லலாகாது. நீடிக்கும் குமட்டலுக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும்.

முதற் காரணம் காலம். தேய்ந்த குடலுறிஞ்சிகள் மீண்டும் முளைக்க வேண்டும். குழந்தைகளுக்கு அது விரைவில் நடக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டாண்டுகளும் அதற்கு மேலும் ஆவதுண்டு. பலருக்கு வயிற்றுப்போக்கும் சோர்வும் சில வாரங்களிலேயே குறைந்தாலும், குடல் உள்ளே ஆறிக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரில் இதை விளக்க நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதோ நம்மைச் சுற்றியுள்ள அளங்களில் இப்போது உப்பு விளைந்துகொண்டிருக்கிறது. பாத்தியில் நீரைக் கட்டியவுடன் எவரும் உப்பை வாரிவிட முடியாது. வெயிலும் காற்றும் தம் வேலையைச் செய்ய நாள்கள் வேண்டும். இடையில் பருவம் தப்பிய ஒரு மழை பெய்தால், விளைந்த உப்பும் கரைந்து, தொழிலாளி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குடல் ஆறுவதும் அப்படியே. பொறுமையோடு காத்திருப்பது பாதி வேலை. இடையில் மழை பெய்யாமல் பார்ப்பது மறுபாதி.

அந்த மழைதான் இரண்டாம் காரணம்: அறியாமல் உணவில் கலந்துவிடும் கோதுமை. நீடிக்கும் தொல்லைகளுக்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம் என்று மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. எவ்வளவு சிறிய அளவு தீங்கு செய்யும்? 2007இல் இத்தாலிய ஆய்வாளர் கட்டாசியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்ட நோயாளர்களின் குடலில் சேதம் காணப்பட்டது. 50 மில்லிகிராம் குளூட்டன் ஏறத்தாழ அரை கிராம் கோதுமை மாவில் அடங்கிவிடும். அதாவது விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை, மிஞ்சினால் இரண்டு. "கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" என்று கேட்கும் அன்பர்கள் இந்தக் கணக்கை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

அந்தச் சிட்டிகை நம் அடுக்களையில் எங்கே ஒளிந்திருக்கிறது? சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா, மைதா ஆகியவற்றை எல்லோரும் அறிவர். அறியாதவற்றுள் முதலிடம் பெருங்காயத்திற்கு. நம்மவரில் பலர் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அவற்றின் மணத்திற்கு ஈடாகச் சாம்பார், ரசம், கூட்டு, மோர், பொடி, ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் சேர்க்கிறோம். கடையில் விற்கும் பெருங்காயத்தூளும் கட்டியும் பெரும்பாலும் தனிப் பெருங்காயம் அல்ல. பெருங்காயப் பிசினோடு கோந்தும், கோதுமை மாவோ மைதாவோ சேர்த்தே பல நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. சில நிறுவனங்கள் அரிசி மாவைச் சேர்க்கின்றன. ஒரு வேளைச் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வருவது மிகச் சிறிது. ஆனால் மூன்று வேளையும், ஒவ்வொரு பண்டத்திலும், ஆண்டு முழுவதும் சேரும்போது அது சிறிதாக இருப்பதில்லை. சப்பாத்தியை விட்டவர், அதையே பெருங்காயத்தின் வழியே துளித்துளியாக உண்டு வருகிறார். உறையின் பின்புறத்தில் சேர்பொருள்களைப் படித்து, கோதுமை இல்லாத பெருங்காயத்தை வாங்குவதோ, சில மாதங்களுக்குச் சீரகம், மிளகு, கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்வதோ நல்லது.

அடுத்தது, நோயாளிக்கு என்றே நாம் பரிவோடு கொடுக்கும் உணவுகள். உடல் மெலிந்தவருக்குச் சத்துமாவுக் கஞ்சி கொடுக்கிறோம். பல சத்துமாவுகளில் கோதுமையோ பார்லியோ உண்டு. கோடையில் நீர்க்கடுப்புக்குப் பார்லிக் கஞ்சி கொடுக்கிறோம். பார்லியும் விலக்க வேண்டிய தானியமே. தெம்புக்கு ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் கொடுக்கிறோம். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. வாய்க்கசப்புக்கு ரஸ்கும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். குமட்டுகிறது என்று அவர் சொல்ல, குமட்டலைத் தணிக்க நாம் கொடுப்பதே குமட்டலை வளர்க்கிறது. ஓட்ஸும் கோதுமையோடு கலந்து வரும் வாய்ப்புள்ளதால், குளூட்டன் இல்லை என்று உறையில் குறிக்கப்படாத ஓட்ஸைத் தவிர்ப்பது நன்று.

மூன்றாவது இடம் மாவு மில். கேழ்வரகும் அரிசியும் தூயவையே. ஆனால் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்ற எந்திரத்தில் நம் கேழ்வரகை அரைத்தால், எந்திரத்தில் தங்கிய கோதுமை நம் பாத்திரத்திற்கு வந்துவிடும். வீட்டிலேயே அரைப்பது சிறந்தது. இயலாதவர்கள் கோதுமை அரைக்காத மில்லைத் தேட வேண்டும். அவ்வாறே பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரிக்கலாகாது. சப்பாத்திக் கல்லில் தோசை வார்க்கலாகாது. ரவை அளந்த ஆழாக்கால் அரிசி அளக்கலாகாது. வெளியில் வாங்கும் பஜ்ஜி மாவு, பொடிகள், முறுக்கு, மிக்சர் ஆகியவற்றையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். குளூட்டன் தரும் தானியம் சேர்ந்திருந்தால் அதை உறையில் அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் உள்ள உணவையே குளூட்டன் அற்றது என்று குறிக்கலாம் என்பதும் விதியே. நீரை வடிகட்டிக் குடிப்பதும், தானியத்தைப் புடைத்து ஆய்ந்து சமைப்பதும் நம் முன்னோர் நமக்குப் பழக்கிய ஒழுக்கம். அந்தக் கண்ணையே சற்று உறையின் பின்பக்கமும் திருப்பினால் போதும்.

காலம் காத்தோம், கோதுமையையும் களைந்தோம். ஆயினும் குமட்டல் நீங்கவில்லை என்றால் மூன்றாவதாகப் பிற காரணங்களைப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்று பால். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் முனையில் சுரக்கிறது. முனை தேய்ந்திருக்கும்போது அந்நொதி குறைந்து, பால் குடித்தபின் உப்புசமும் குமட்டலும் தோன்றும். குடல் ஆற ஆற, பலருக்கு இது தானே சரியாகும். அதுவரை பாலைக் குறைத்து மோரும் தயிரும் எவ்வளவு ஏற்கின்றன என்று பார்க்கலாம். மற்றொன்று மாத்திரை. இந்நோயில் இரத்தசோகை மிகுதி. அதற்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையே பலருக்குக் குமட்டலை உண்டாக்கும். அப்போது மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல், நேரத்தையோ அளவையோ வகையையோ மாற்றித் தருமாறு மருத்துவரைக் கேட்க வேண்டும். புலால் உண்ணாத நமக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. அதையும் சோதித்துக்கொள்வது நல்லது.

இவையன்றி இரைப்பைப் புண், அமில எதுக்களிப்பு, மலச்சிக்கல், சிறுகுடலில் நுண்ணுயிர் மிகுதல், கணையச் சுரப்புக் குறைவு, தைராய்டுக் கோளாறு, முதல் வகை நீரிழிவு ஆகியவையும் குமட்டலுக்குக் காரணமாகலாம். பின்னிரண்டும் சீலியாக் நோயோடு சேர்ந்து வரும் இயல்புடையவை. இளம் பெண்களுக்குக் கருவுற்றிருத்தலும் காரணமாகலாம் என்பதை மறக்கலாகாது. ஓராண்டு கண்டிப்பான உணவு முறைக்குப் பின்னும் குடல் ஆறாத நிலை மிக அரிது. ஆனால் அதற்கும் தனிச் சிகிச்சை உண்டு. ஒரு நோயின் பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக, உடலின் எல்லாத் துன்பத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது.

இத்தனை காரணங்களுள் நமக்குரியது எது என்று எப்படி அறிவது? இதற்கு ஒரு பத்து ரூபாய்க் குறிப்பேடு போதும். உண்ட பொருள், உண்ட நேரம், மாத்திரை எடுத்த நேரம், குமட்டிய நேரம் ஆகியவற்றை நான்கு வாரம் எழுதி வாருங்கள். வெளியுணவோ புதிய பொருளோ உண்ட ஓரிரு மணி நேரத்தில் குமட்டல் வந்தால், அதில் கோதுமை கலந்ததா என்று தேடுங்கள். பால் குடித்த பின்னரே வந்தால் பாலை ஐயுறுங்கள். மாத்திரைக்குப் பின் வந்தால் மாத்திரையை ஐயுறுங்கள். விடியற்காலை வெறும் வயிற்றில் வந்து, சிறிது உண்டதும் தணிந்தால், நெடுநேரம் வயிறு காய்வதும் அமிலமும் காரணமாகலாம். எந்த ஒழுங்கும் இன்றி எந்நேரமும் இருந்தால் பிற நோய்களைத் தேட வேண்டும். அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். "எப்போதும் குமட்டுகிறது" என்னும் ஒரு சொல்லைவிட, நான்கு வாரக் குறிப்பு அவருக்கு நூறு மடங்கு உதவும். எதிர்ப்பொருள் அளவு குறைந்து வருகிறதா என்பதை ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இரத்தச் சோதனையால் அவர் பார்ப்பார். ஆனால் அச்சோதனை சரியாக வந்தாலும் சிற்றளவுக் கலப்பு இல்லை என்று உறுதி கூற இயலாது. ஆகவே அடுக்களைச் சோதனை தொடர வேண்டும்.

இனி, காரணம் தேடும் காலத்தில் நாளை எவ்வாறு கழிப்பது என்று பார்ப்போம். மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பகுத்துக்கொள்ளுங்கள். குழைந்த சோறு, மிளகு சீரக ரசம், பாசிப்பருப்புக் கஞ்சி, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோர்க்கு ஏற்கும். அரிசியோடு கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவையும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. அயல்நாட்டு நோயாளர்கள் தேடித் தேடி வாங்கும் உணவு நமக்குத் தாய்வழி வந்த உணவு. எண்ணெயில் பொரித்ததும் மிகுந்த காரமும் இப்போது வேண்டா. தாளிக்கும்போது நோயாளியை அடுக்களையிலிருந்து அகற்றிக் காற்றோட்டமான இடத்தில் அமர்த்துங்கள். உண்டவுடன் படுக்கலாகாது. சுக்குக் கசாயம் குமட்டலைச் சற்றுத் தணிக்கும்; பச்சை இஞ்சியை விலக்குவோரும் சுக்கை ஏற்பதுண்டு. பொடியாக வாங்காமல் முழுச் சுக்காக வாங்கி வீட்டில் இடித்தால் கலப்பு அச்சமில்லை.

வாந்தி எடுத்தால் நீரோடு உப்பும் போகிறது. மருந்துக்கடையிலும் அரசு சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே முதல் தேர்வு. அது கிட்டாத வேளையில், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி தூளுப்பும் கரைத்து, சிறு சிறு மிடறாகக் கொடுக்கலாம். உப்பு விளையும் ஊரில் இருக்கிறோம் என்று கூடுதலாகப் போட்டுவிடக் கூடாது. இங்கு அளவே மருந்து.

நோன்பைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க இயலாது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம்மில் பலர் காக்கும் விரதம். இரவில் வயிறு கனக்காமல் உறங்குவது எதுக்களிப்பு உள்ளவர்க்கு நன்மையே. ஆனால் மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை வயிறு காய்வதால், விடியலில் குமட்டல் மிகலாம். அத்தகையவர்கள் பகற்பொழுதின் கடைசிச் சிற்றுண்டியைத் தள்ளாமல், மறையும் முன் உண்டு, உதித்ததும் முதல் வேலையாகச் சிறிது கஞ்சி குடிக்கலாம். உபவாசமும் ஒருவேளை உணவும் மேற்கொள்ள விழைவோர், குடல் ஆறும்வரை மருத்துவரையும் சமயப் பெரியோரையும் கலந்து முடிவு செய்வது தக்கது. நோயுற்ற உடலின் வலிமையை அறிந்தே தவம் மேற்கொள்ள வேண்டும். விரதத்தைச் சில காலம் ஒத்திவைத்தவரை எவரும் குறைவாகப் பார்க்கலாகாது.

சில அறிகுறிகள் தோன்றினால் கைமருந்தோடு காத்திருக்கக் கூடாது. குடித்த நீரும் தங்காத வாந்தி, வாந்தியில் இரத்தம், கருநிற மலம், தாங்கவொண்ணா வயிற்றுவலி, சிறுநீர் குறைதல், மயக்கம், காரணமின்றி எடை இறங்கிக்கொண்டே போதல் ஆகியவை அவ்வறிகுறிகள். மரக்காணத்திலும் திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. குடல் நோய்க்கெனத் தனித்துறை உள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளது. மற்றும் ஒன்று: நோயுற்றவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோருள் பத்தில் ஒருவர் வரை இந்நோய் இருக்கக்கூடும். அவர்களும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். சோதனைக்கு முன் கோதுமையை விட்டுவிட்டால் முடிவு பிழையாகும் என்பதால், சோதித்த பின்னரே உணவை மாற்ற வேண்டும்.

அன்பர்களே, இதுவரை உடலைப் பற்றிச் சொன்னேன். இனி நம் கடமை. நாம் நான்கு தானங்களைப் போற்றுகிறோம்: ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம். உணவு, மருந்து, அறிவு, அச்சமின்மை ஆகிய நான்கையும் தனித்தனியே வழங்குவதற்குத் தனித்தனி வாய்ப்புகளைத் தேடுகிறோம். சீலியாக் நோயுற்ற ஒருவர் நம் வீட்டுப் பந்தியில் அமரும்போது இந்நான்கும் ஓரிலையில் கூடுகின்றன. அவருக்கு இந்நாள்வரை வேறு மருந்து இல்லை, உணவே மருந்து. ஆகவே தூய உணவு இட்டவர் மருந்தும் இட்டவராகிறார். எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று மறைக்காமல் சொல்பவர் அறிவை வழங்குகிறார். இவற்றுக்கெல்லாம் மேலாக, "இதை நீங்கள் அச்சமின்றி உண்ணலாம்" என்று உண்மையாகச் சொல்ல முடிந்தவர் அபயம் அளிக்கிறார். ஏனெனில் நெடுநாள் குமட்டலால் வாடியவர் ஒவ்வொரு கவளத்தையும் அஞ்சி அஞ்சியே வாயில் வைக்கிறார். அந்த அச்சமும் வயிற்றைப் புரட்டும். அச்சத்தை நீக்குவது அவரால் மட்டும் ஆகும் செயல் அன்று. சமைப்பவரும் பரிமாறுபவரும் சேர்ந்தே நீக்க வேண்டும்.

நம் திருவிழாக்களின் அன்னதானக் கூடத்திற்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். பெருங்காயம் சேர்க்கும் முன்பே, ஒரு சிறு பாத்திரத்தில் பருப்பும் ரசமும் தனியே எடுத்து மூடி வையுங்கள். அதற்கென ஒரு கரண்டியை ஒதுக்குங்கள். கேசரி கிண்டிய கரண்டி சர்க்கரைப் பொங்கலுக்குள் செல்லாமல் பாருங்கள். அப்பளமும் வடையும் பூரிக்கு முன், புதிய எண்ணெயில் பொரியட்டும். பிரசாதத்தில் ரவையோ கோதுமையோ உண்டென்றால் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு மிகச் சிறிது. கவனம் மட்டுமே மிகுதியாக வேண்டும். அவர் "வேண்டா" என்று கை காட்டும்போது "பிரசாதத்தை மறுக்கலாமா?" என்று வற்புறுத்தாதீர்கள். ஓர் உயிருக்குத் துன்பம் செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், அன்பின் பெயராலும் அத்துன்பத்தைச் செய்யலாகாது.

நோயுற்றவர்களுக்கு இறுதியாக ஒரு சொல். இந்தக் குமட்டல் உங்கள் மனவுறுதியின் குறை அன்று. எழுதி வையுங்கள்; தேடுங்கள்; மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலோர்க்குக் காரணம் கிட்டுகிறது. கிட்டியதும் தீர்வும் கிட்டுகிறது. அதுவரை விழாக்களை விட்டு விலகாதீர்கள். வீட்டிலிருந்தே உணவு கொண்டுவந்தாலும் எங்களோடு பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். அதில் குறையேதும் இல்லை. அடுத்த ஆண்டு விழாவில், நீங்கள் கேட்டுக் கேட்டு உண்ணும் நிலை மாறி, நாங்களே முன்வந்து சொல்லும் நிலை வர வேண்டும். அதற்கான பொறுப்பை இன்று இந்த அவை ஏற்கட்டும்.

 எவ்வுயிரும் நலம் பெறுக. அறம் வளர்க.